மூன்றாம் சனிக்கிழமை வடை

எங்கள் அப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குள் நான் பார்த்தது ஒரே ஒரு புரட்டாசி மாதத்தில்தான். படிக்க வேண்டிய வயதில் மாடு மேய்க்கப் போனவர் அவர். அந்தப் புரட்டாசியின் சனிக்கிழமைகளில், எங்கள் மூன்றாம் வகுப்பு அறையில், நான் உட்காரும் அதே பெஞ்சியில், முழங்கால் இரண்டும் மேசையில் இடிக்க, தோள்துண்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் நான்கு பேர். எதிரே, எங்கள் வாத்தியாரின் நாற்காலியில் பண்ணையார். இரண்டு தரப்புக்கும் நடுவே, தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த நாற்காலியில் தாசில்தார். வெளியே புங்கமரத்தடியில் ஒரு போலீஸ் வேன்.

கோட்டையில் ஆட்சி மாறி அதிக நாள் ஆகவில்லை. கூலித் தகராறு வந்தால் மிராசுதாரும் தொழிலாளியும் அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. உட்கார்ந்து பேசுவது என்பதே எங்கள் தெருவுக்குப் புதிது. அதுவரை பண்ணையார் உட்கார்ந்திருப்பார், நாங்கள் நின்றுகொண்டிருப்போம். பேச்சு என்றும் அதிகம் இருக்காது.

எங்கு உட்காருவது என்பதிலேயே முதல் தகராறு. பஞ்சாயத்து ஆபீஸ் பண்ணையாரின் மைத்துனர் கட்டிடத்தில் இருந்தது. அங்கே வர மாட்டோம் என்றது சங்கம். வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வர மாட்டேன் என்றார் பண்ணையார். கடைசியில் பள்ளிக்கூடம்தான் பொது என்று முடிவானது. பள்ளிக்கூடம் சனிக்கிழமைதான் காலியாக இருக்கும். அப்படித்தான் பேச்சுவார்த்தை சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தது.

கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அறுத்து அடிக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் வழக்கமான கூலிக்கு மேல் அரை லிட்டர். அந்த அரை லிட்டருக்காகக் குறுவை நெல் தலை சாய்ந்து நின்றது. எங்கள் தெருவில் யாரும் அரிவாளை எடுக்கவில்லை. வாய்க்காலில் நண்டும் நத்தையும் பிடித்து, வரப்பில் கீரை பறித்து அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டு அரிவாள் மூன்றையும் அம்மா கூரைக் கீற்றுக்குள் செருகி வைத்துவிட்டாள். வேலை இல்லாததால் பத்திரப்படுத்துகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கிழக்கே சில ஊர்களில் இதே மாதிரித் தகராறு வெட்டுக்குத்தில் முடிந்திருந்தது என்பதோ, எங்கள் தெரு இளவட்டங்கள் இரண்டு பேர் அம்மாவிடம் வந்து அரிவாள் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள் என்பதோ எனக்குத் தெரியாது.

முதல் சனிக்கிழமை பத்து மணிக்குப் பேச்சு தொடங்கியது. பதினோரு மணிக்குப் பண்ணையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னைக்கு விரதம். பூசைக்கு நேரமாச்சு" என்று எழுந்து காரில் ஏறிவிட்டார். இரண்டாவது சனிக்கிழமையும் பதினோரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: அடுத்த சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் திங்கட்கிழமை வெளியூரிலிருந்து லாரியில் ஆள் வரும், போலீஸ் காவலில் அறுவடை நடக்கும். லாரியை மறித்து ரோட்டில் படுப்போம் என்று எங்கள் தெரு இளவட்டங்கள் பேசிக்கொண்டார்கள். ரோட்டில் படுப்பது எனக்கு விளையாட்டாகத் தோன்றியது.

அந்த வாரத்தில்தான் சித்தி வந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. ஆத்தூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனவள். அங்கே ஜவ்வரிசி ஆலையில் வேலை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவைக் குலுக்கி முத்தாக்கி, களத்தில் காயப்போடுவார்களாம். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய் இல்லாத வீடு என்பதால் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வெறும் கையோடு வரக்கூடாது என்று ஒரு துணிப்பை நிறைய ஜவ்வரிசியும், சின்னப் பை ஒன்றில் நிலக்கடலையும் கொண்டுவந்தாள். வீட்டில் நத்தைக் குழம்பு கொதிப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அதையே சாப்பிட்டாள். மறுநாள், "அக்கா, எனக்கு மொறுமொறுன்னு எதையாவது கடிக்கணும்போல இருக்கு" என்றாள்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதை மறுக்கக்கூடாது. அம்மா மண்சட்டியின் அடியில் கிடந்த எண்ணெயை வழித்துக் கொடுத்தாள். சித்தி ஒரு கை ஜவ்வரிசியை ஊறப்போட்டாள். வாய்க்கால் ஓரம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சேம்பு மண்டிக் கிடந்தது. அதில் கிழங்கு தோண்டி வேகவைத்துப் பிசைந்தாள். கடலையை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தாள். பச்சை மிளகாய், உப்பு. எல்லாவற்றையும் சேர்த்து உருட்டி எண்ணெயில் போட்டாள்.

முதல் வடை வெடித்தது. ஊறாத முத்து எண்ணெயில் பட்டால் வெடிக்கும் என்று சித்திக்குத் தெரியும். ஆசை பொறுக்காமல் அவசரப்பட்டுவிட்டாள். எண்ணெய் தெறித்து அம்மாவின் முழங்கை கொப்புளித்தது. அம்மா கையை உதறிக்கொண்டே சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சித்தி மாவை இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உருட்டாமல் வாழையிலையில் மெல்லிசாகத் தட்டிப் போட்டாள். தட்டிப் போட்டால் உள்ளே ஈரம் தங்காது, ஆறினாலும் மொறுமொறுப்புப் போகாது என்றாள். அப்படியே ஆனது. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, நடுவில் முத்து முத்தாக. மூன்று வடை. சித்திக்கு இரண்டு. ஒன்றை அம்மாவும் அப்பாவும் பங்கிட்டார்கள். எனக்கு வாணலியில் ஒட்டியிருந்த பொருக்கு கிடைத்தது.

"எங்க ஆலைக்குச் சரக்கெடுக்க வர்ற வடக்கத்திச் சேட்டுங்க விரதத்துக்கு இதைத்தான் சாப்பிடுவாங்க. அரிசி தொட மாட்டாங்க. இது கிழங்குதானே, தோஷமில்லையாம்" என்று சித்தி மென்றுகொண்டே சொன்னாள்.

அம்மா மெல்லுவதை நிறுத்தினாள்.

அம்மா பண்ணையார் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியவள். கொட்டகையிலிருந்து அந்த வீட்டின் பின்கட்டு தெரியும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவர் சோறு தொட மாட்டார், பூசை முடிந்து பாலும் பழமும் மட்டும், பத்து மணிக்கே தலைவலி வந்துவிடும், மாடு கத்தினால்கூட அதட்டுவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"பசிச்சு உக்காந்திருக்கிற மனுசங்கிட்ட எதைக் கேட்டாலும் இல்லைன்னுதான் வரும். சாயங்காலம் அவரு வேற ஆளு" என்றாள் அப்பாவிடம். "அவரால சாப்பிட முடிஞ்ச ஒண்ணை நாமளே கொண்டுபோய் வச்சா, பதினோரு மணிக்கு எந்திரிக்க மாட்டாருல்ல."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம தொட்ட தண்ணிய அவங்க குடிக்க மாட்டாங்க. நாம சுட்ட வடையத் திம்பாரா? கூலி கேக்கப் போன இடத்துல பலகாரம் தூக்கிட்டு நிக்கறதா?"

டீக்கடைக்காரர் மூலமாக அனுப்பினால் யார் சுட்டது என்று தெரியாது என்றாள் சித்தி. அதைக் கேட்டதும் அப்பாவின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தார். திரும்பி வந்து, "குடுக்கறதுன்னா குடு. ஆனா ஏமாத்திக் குடுக்காத. யாரு சுட்டது, எங்க சுட்டதுன்னு அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டு வை" என்றார்.

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவே அடுப்பைச் சுற்றி நின்றது. எண்ணெய் எங்கள் வீட்டில் இல்லை. வீட்டுக்கு ஒரு கரண்டி என்று பெண்கள் கிண்ணத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். எதிர்வீட்டு அத்தை தலைக்குத் தடவும் தேங்காயெண்ணெயைக் கொண்டுவர, "பண்ணையாருக்கு வடையா, தலைமுழுக்கா?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய வாணலியும் பித்தளைத் தாம்பாளமும் டீக்கடையிலிருந்து இரவல் வந்தன. சித்தி இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஜவ்வரிசியை விடியும் முன்பே நனைத்து, முத்து மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வைத்திருந்தாள். விரலால் ஒரு முத்தை நசுக்கிப் பார்த்தாள். நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லை. வெங்காயம் போடவில்லை. பூண்டு போடவில்லை. இஞ்சி மட்டும் தட்டிப் போட்டாள்.

முப்பது வடைக்கு மேல் வந்தது. வாசம் வாய்க்காலைத் தாண்டிப் போயிருக்கும். அரை வயிற்றோடு மூன்று வாரமாக இருந்த பிள்ளைகள் நாங்கள் இருபது பேர் அடுப்பைச் சுற்றி நின்றோம். ஒருவரும் தொடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அடி விழும் என்று சொல்லவில்லை. "இதுல ஒண்ணு கொறஞ்சாலும் உங்கப்பன் வெளியில இருக்க மாட்டான், போலீஸ் வேன்லதான் இருப்பான்" என்று சொன்னாள். அது எப்படி என்று புரியவில்லை. புரியாததாலேயே பயமாக இருந்தது.

அம்மா புதுச்சேலை எதுவும் கட்டிக்கொள்ளவில்லை. தாம்பாளத்தை வாழையிலை போட்டு மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். நான் பின்னால் தண்ணீர்ச் செம்போடு. எங்களுக்குப் பின்னால் தெருவில் பாதிப் பேர். போலீஸ்காரர் ஒருவர் மறித்து, இலையைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, வழி விட்டார்.

நாங்கள் வகுப்பு வாசலுக்குப் போனபோது உள்ளே பேச்சு ஏற்கனவே முற்றியிருந்தது. அப்பாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. பண்ணையார் நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். கரும்பலகையில் வெள்ளிக்கிழமை போட்ட வகுத்தல் கணக்கு அழிக்காமல் இருந்தது.

அம்மா உள்ளே போனாள். அவளுக்கும் அது முதல் தடவை. மேசை நடுவில் தாம்பாளத்தை வைத்து இலையை எடுத்தாள்.

"மூணு வாரமா எல்லாரும் காலி வயித்தோடதான் பேசிட்டிருக்கீங்க. அவங்களுக்கு விரதம், இவங்களுக்கு வேலை இல்ல. கொஞ்சம் வயித்துல போட்டுக்கிட்டுப் பேசுங்கய்யா."

பண்ணையார் தாம்பாளத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"ஜவ்வரிசி வடைங்கய்யா."

"புரட்டாசிச் சனிக்கிழமை நான் அரிசி தொடறதில்லைன்னு உனக்குத் தெரியுமில்ல? பேர்லயே அரிசி இருக்கு."

"பேர்ல மட்டும்தாங்க. மரவள்ளிக் கிழங்குலேர்ந்து எடுக்கறது. வெங்காயம், பூண்டு போடல." அம்மா ஒரு மூச்சு விட்டாள். "நானும் என் தங்கச்சியும் சுட்டது. எங்க தெருவுல, எங்க அடுப்புல."

அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். சன்னல் கம்பிகளில் எங்கள் தெரு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அப்போது தாசில்தார் கையை நீட்டி ஒரு வடையை எடுத்துக் கடித்தார். மொறுக் என்று கேட்டது. அவர் எந்த ஊர்க்காரர், என்ன ஆள் என்று யாருக்கும் தெரியாது. சின்ன வயது, மூக்குக்கண்ணாடி. "கிழங்குதான் சார்" என்றார் பண்ணையாரிடம், ஒரு வழக்கில் சாட்சி சொல்வதைப்போல. இரண்டாவதையும் எடுத்தார்.

"நான் வெளியில எதுவும் சாப்பிடறதில்லை" என்றார் பண்ணையார்.

"சரிங்கய்யா. இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி அம்மா வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை எண்ணெய், அத்தனை பேர் பசி, அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சன்னல் பக்கமாக நின்றாள்.

பதினோரு மணி. பண்ணையார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துப் பாதி எழுந்தார். சன்னலில் இருந்த முகங்கள் எல்லாம் அவரையும் தாம்பாளத்தையும் மாறி மாறிப் பார்த்தன. இப்போது எழுந்து போனால் அவர் பூசைக்குப் போனார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு தட்டு வடைக்கு முன்னால் உட்கார முடியாமல் போனார் என்றுதான் மன்னார்குடி வரைக்கும் பேச்சுப் போகும். இதை நான் அப்போது யோசிக்கவில்லை; அவர் யோசித்தார் என்று நினைக்கிறேன். மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார். அப்பா ஒரு வடையை எடுத்து, பிட்டு, பெஞ்சியில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே கத்த முடியாது. அறையில் சத்தம் தணிந்தது.

அதன்பிறகு பேச்சு ஒன்றரை மணி வரை போனது. கால் லிட்டர் இந்தக் குறுவைக்கு, மீதிக் கால் லிட்டர் சம்பா அறுப்பிலிருந்து என்று முடிந்தது. லாரி வேண்டாம். திங்கட்கிழமை எங்கள் தெரு ஆட்களே இறங்குவார்கள். அப்பா கையெழுத்துப் போடும் இடத்தில் கட்டைவிரலை வைத்தார். தாசில்தார் காகிதத்தை எடுத்துக்கொண்டு, வெளியே புங்கமரத்தடியில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கப் போனார். பெஞ்சியில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். தாம்பாளத்தை டீக்கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எடுத்து வா என்று அம்மா என்னை அனுப்பினாள்.

நான் பின்பக்க வாசல் வழியாக உள்ளே போனேன். அது என் வகுப்பு. எந்தக் கதவு தாழ்ப்பாள் இல்லாதது என்று எனக்குத் தெரியும்.

எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்திருந்தேன். கரும்பலகையைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பண்ணையார் நின்றிருந்தார். கணக்கைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்போது மொறுக் என்று கேட்டது.

என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. கையில் பாதி வடை. நான் செம்பைக் கீழே போட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

அப்பா பெயரைச் சொன்னேன். அவர் முன்வாசலை எட்டிப் பார்த்தார். அங்கே தாசில்தாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த பாதி வடையை என்ன செய்வது என்று தெரியாதவர் மாதிரி ஒரு கணம் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சாப்பிடறியா?"

காலையிலிருந்து அந்த வாசத்தைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான். ஒன்று குறைந்தாலும் அப்பா வெளியில் இருக்க மாட்டார் என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் பேச்சுதான் முடிந்துவிட்டதே. வாங்கி முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டேன். ஓரம் உடைந்தது, கடலை உடைந்தது, நடுவில் முத்துகள் மெத்தென்று வந்தன. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று மென்றோம்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார், அங்கவஸ்திரத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு.

"நீங்களும் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் முகத்தில் என்னவோ மாறியது. "இல்ல, சொல்லல" என்றார்.

அவருக்கு இன்னும் கவலை தீரவில்லை என்று எனக்குத் தோன்றியது. பாவமாக இருந்தது. "விரதம் ஒண்ணும் கெடாதுங்க. சேட்டுங்கள்லாம் சாப்பிடுவாங்களாம், சித்தி சொன்னாங்க" என்று தைரியம் சொன்னேன்.

அவர் தாம்பாளத்திலிருந்து இன்னும் ஒரு வடையை எடுத்துச் சாப்பிட்டார். செம்பிலிருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்து, அங்கவஸ்திரத்தைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாகக் காரை நோக்கி நடந்தார். எல்லாரும் வழி விட்டு ஒதுங்கினார்கள்.

திங்கட்கிழமை அம்மா கூரையிலிருந்து அரிவாள்களை உருவினாள். எங்கள் தெரு மொத்தமும் வயலில் இறங்கியது. மழை இரண்டு வாரம் பொறுத்துத்தான் வந்தது. அதற்குள் களம் நிறைந்துவிட்டது. அறுப்பு முடிகிற வாரத்தில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. சம்பா அறுப்பில் அந்த மீதிக் கால் லிட்டரும் வந்தது.

அப்பா அந்தக் கதையைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். "கூலிய ஏத்திக் குடுத்தாரே தவிர, கடைசி வரைக்கும் நம்ம வடையத் தொடல பாத்தியா" என்றுதான் முடிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் விரதத்தை மீறினார், நான் அம்மா சொல்லை மீறினேன். இரண்டு பேருடையதும் ஒரே அளவுத் தப்பு, ஆளுக்கொரு ரகசியம், கணக்குச் சரி என்று நினைத்திருந்தேன். வயிற்றில் போன பிறகு விரதத்தைப் பற்றி அத்தனை பெரிய மனிதர் ஏன் கவலைப்பட வேண்டும், அதுவும் கிழங்குதானே என்றும் நினைத்திருந்தேன். அந்த அறையில் அவர் மீறியது எதை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அவர் மென்றது அதனால்தான்.